மீன் விடும் தண்ணீரும் சீஸ் சாஸும்

வாசகர் கேள்வி – பதில்

வெள்ளைச் சதை மீனைப் பால், வெண்ணெய், சீஸ் சேர்ந்த கெட்டி சாஸால் மூடி ஓவனில் வேகவைக்கும் ஐரோப்பியப் பக்குவம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கேள்விகள் பலவாக இருந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எடுக்கும்போது பாத்திரத்தின் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீர். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: உறைந்த பாசா மீன் துண்டங்கள் வாங்கி, ஒயிட் சாஸ் ஊற்றி, சீஸ் தூவி ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் ஓவனில் 150 டிகிரியில் 40 நிமிடம் வைத்தேன். அடியில் அரை டம்ளர் தண்ணீர், மேலே திரிந்தாற்போல் சாஸ். செய்யும்போது சாஸ் கெட்டியாகத்தான் இருந்தது. எங்கே தவறியது? – வாசகி, சென்னை

பதில்: சாஸில் தவறில்லை. தண்ணீர் முழுக்க மீன் விட்டது. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, மீன் வந்த விதம். உறைந்த மீன் துண்டங்களின் மேல் காய்ந்துபோகாமல் இருக்க மெல்லிய பனிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். பாசா போன்ற மீன்களைப் பாஸ்பேட் கலந்த நீரில் ஊறவைத்து உறையவைப்பதும் உண்டு; அப்போது சதை கூடுதலாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்கெட்டின் பின்புறம் 451, 452 என்ற சேர்மான எண்கள் இருந்தால் அதுதான் அடையாளம். இப்படிப்பட்ட மீனை அவசரத்துக்கு வெந்நீரில் போட்டு இளக்கினால் வெளிப்புறம் வெந்து, உள்ளே பனிக்கட்டி நிற்கும். முதல் நாள் இரவே ஒரு வடிகட்டியில் பரப்பி, அடியில் கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் சேர்ந்திருக்கும் தண்ணீர், உங்கள் சாஸில் கலந்திருக்க வேண்டியது. எடையையும் இளகிய பிறகே பாருங்கள்.

அடுத்து உப்பு. 600 கிராம் மீனுக்கு முக்கால் தேக்கரண்டி தூளுப்பை இருபுறமும் தடவி 15 நிமிடம் விடுங்கள். மேற்பரப்பு ஈரம் முத்து முத்தாக வெளியே வரும். கழுவாமல், பருத்தித் துணியாலோ சமையலறைக் காகிதத்தாலோ அழுத்தி ஒற்றி எடுங்கள். மீன் தொட்டால் ஒட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது. அரை மணிக்கு மேல் உப்பில் விட்டால் சதை இறுகிக் கருவாட்டுப் பக்கம் போய்விடும்.

இரண்டாவது காரணம், நீங்கள் வைத்த சூடு. மீன் சதை 60 டிகிரியைத் தாண்டத் தாண்டச் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து தள்ளும். 150 டிகிரியில் சாஸ் சிவக்காது. சிவக்கட்டும் என்று காத்திருக்கும் நேரமெல்லாம் மீன் வெந்து முடிந்து பிழிந்துகொண்டிருக்கும். ஆகவே சூடு அதிகம், நேரம் குறைவு: 200 டிகிரி, சாஸும் சூடாகவே ஊற்ற வேண்டும்.

பாசாவைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், சாஸ் இல்லாமல் மீனை மட்டும் 200 டிகிரியில் 6 நிமிடம் வைத்து, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு சூடான சாஸ் ஊற்றி 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். இந்த ஒரு வேலையிலேயே உங்கள் அரை டம்ளர் தண்ணீர் காணாமல் போகும்.

கேள்வி: நான்கு பேருக்குச் சரியான அளவும் செய்முறையும் வேண்டும். கொடுவா மீன் சரிப்படுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கொடுவாவைவிட நல்ல தேர்வு நம் கரையில் இல்லை என்றே சொல்வோம். வெள்ளைச் சதை, பெரிய மடல்கள், குறைந்த வாடை. களவா, சங்கராவும் நன்றாக வரும். வஞ்சிரம் வேண்டாம், அதன் சதை இறுக்கமானது, நடுமுள்ளோடு வட்டத் துண்டாக வெட்டுவதால் சாஸுக்குள் முள் தேட வேண்டியிருக்கும். மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்கள் சீஸோடு சேர்ந்தால் திகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்திலும் பண்ணைக் கொடுவா சந்தைக்கு வரும்.

ஒன்றரைக் கிலோ மீன் வாங்கி, தோலும் முள்ளும் நீக்கிச் சதையாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏறக்குறைய 600 கிராம் தேறும். வீட்டுக்கு வந்ததும் விரல் நுனியால் தலைப்பக்கத்திலிருந்து வால்வரை தடவிப் பாருங்கள். நடுவரிசையில் ஊசி முட்கள் நிற்கும். சிறு இடுக்கியால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை கிழியாமல் வரும். தலையும் நடுமுள்ளும் குழம்புக்கு.

சாஸுக்கு: கொழுப்பு நீக்காத பால் 400 மி.லி., உப்பில்லாத வெண்ணெய் 35 கிராம், மைதா 35 கிராம் (தலைதட்டி நாலரை மேசைக்கரண்டி), துருவிய சீஸ் 100 கிராம், கடுகு விழுது 1 தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் நான்கு உரசல். பாலில் ஊற அரை வெங்காயம், 2 கிராம்பு, பாதி பிரியாணி இலை. மேற்கத்திய சமையல் குறிப்புகளில் வரும் பே இலை வேறு மரம். நம் பிரியாணி இலை லவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது, வாசம் தூக்கலாக இருக்கும். அதனால்தான் பாதி.

பாலைக் காய்ச்சி, வெங்காயம், கிராம்பு, இலை போட்டு மூடி 15 நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டுச் சிறு தீயில் 2 நிமிடம் கிளறுங்கள். நிறம் மாறக் கூடாது, பச்சை மாவு வாசம் போக வேண்டும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்; கம்பி மத்து உரச உரச வெள்ளை சாஸ் சாம்பல் நிறமாகும். வெதுவெதுப்பான பாலை மூன்று தவணையாக ஊற்றுங்கள். முதல் தவணையில் அது உருண்டையாகத் திரளும், பயப்பட வேண்டாம். அந்த உருண்டை மழமழவென்று ஆன பிறகுதான் அடுத்த தவணை. கட்டி தட்டுவதற்கு முக்கால்வாசிக் காரணம் எல்லாப் பாலையும் ஒரே மூச்சில் கொட்டுவதுதான். கொதி வந்ததும் சிறு தீயில் 5 நிமிடம் விடாமல் கிளறுங்கள். கொதி வராமல் இறக்கினால் மாவு முழுதாகக் கெட்டிப்படாது, நாக்கில் மாவும் தட்டும்.

அடுப்பை அணைத்து 2 நிமிடம் ஆறவிட்டு, 70 கிராம் சீஸை இரண்டு பிடியாகப் போட்டுக் கலக்குங்கள். சீஸ் போட்ட பிறகு சாஸை மறுபடி கொதிக்கவிடவே கூடாது. கொதிக்கும் சூட்டில் சீஸின் புரதம் சுருங்கி, கொழுப்பு தனியே எண்ணெயாக மிதக்கும். கடுகு விழுது, மிளகு, ஜாதிக்காய் சேருங்கள். உப்பை இப்போது ருசி பார்த்துத்தான் போட வேண்டும். மீனிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. சாஸ், கரண்டியிலிருந்து இட்லி மாவு விழுவதுபோல் மெதுவாக மடிந்து விழ வேண்டும். மீன் எப்படியும் கொஞ்சம் நீர் விடும் என்பதால், பாஸ்தாவுக்குச் செய்வதைவிட ஒரு படி கெட்டியாகவே இருக்கட்டும்.

வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் மீனை ஒற்றை அடுக்காக, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். வால் பக்கம் மெலிந்திருந்தால் அடியில் மடித்துவிடுங்கள், எல்லா இடமும் ஒரே தடிமனாகும். சூடான சாஸால் முழுதும் மூடி, மீதி 30 கிராம் சீஸோடு 3 மேசைக்கரண்டி பிரெட் தூளும் ஒரு தேக்கரண்டி உருக்கிய வெண்ணெயும் பிசறித் தூவுங்கள். வெறும் சீஸ் மட்டும் தூவினால் ஆறியதும் தோல்போல் இறுகும். பிரெட் தூள் அதைத் தடுத்து மொறுமொறுப்பும் தரும்.

ஓ.டி.ஜி.யை 200 டிகிரியில் 15 நிமிடம் முன்பே சூடாக்கி, நடுத்தட்டில் 2 செ.மீ. தடிமன் மீனுக்கு 15 முதல் 18 நிமிடம். கடைசி 3 நிமிடம் மேல் சூட்டுக் கம்பியை மட்டும் இயக்கினால் சிவப்புப் புள்ளிகள் விழும். கத்தி முனையை நடுவில் விட்டு மெல்லத் திருப்பினால் சதை மடல் மடலாகப் பிரிய வேண்டும், கண்ணாடிபோல் தெரிந்த நிறம் பால்வெள்ளையாகியிருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் மீனின் மையம் 63 டிகிரி. வெளியே எடுத்து 5 நிமிடம் தொடாமல் வையுங்கள். தளர்ந்திருக்கும் சாஸ் அதற்குள் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

இந்த சாஸுக்கு பிரெஞ்சு சமையலில் மோர்னே என்று பெயர். 14-ஆம் லூயி மன்னரின் அரண்மனை நிர்வாகியான லூயி தெ பெஷமேலின் பெயரைத் தாங்கிய பெஷமெல் என்னும் வெள்ளை சாஸில் க்ரூயேர் போன்ற சீஸைச் சேர்த்தால் அது மோர்னே.

கேள்வி: க்ரூயேர் எங்கள் ஊரில் கிடைக்காது. கட்டி சீஸ், மோஸரெல்லா, பனீர் – எது சரி? – வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைகளில் கிடைக்கும் செடார் முதல் தேர்வு. கட்டியாகவோ சதுரத் துண்டாகவோ வரும் பதப்படுத்திய சீஸும் தாராளமாகப் போடலாம். அதில் சேர்த்திருக்கும் பாஸ்பேட், சிட்ரேட் உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியாமல் பிடித்து வைப்பதால் சாஸ் திரிவது மிக அரிது. ருசியில் ஆழம் போதாது, உப்பு அதிகம். ஆகவே பாதி செடார், பாதி பதப்படுத்திய சீஸ் என்று போடுங்கள், தனி உப்பைக் குறையுங்கள். மோஸரெல்லாவை சாஸுக்குள் போடாதீர்கள், நூல் நூலாக இழுத்துக் கரண்டியில் சுற்றிக்கொள்ளும். மேலே தூவ மட்டும் பயன்படட்டும். பனீர் அமிலத்தால் திரிக்கப்பட்டது, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது. துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் கலந்திருப்பார்கள். சாஸ் சற்று மணல்தட்டும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள்.

சாஸ் திரிந்துவிட்டால்: அடுப்பிலிருந்து இறக்கி, 2 மேசைக்கரண்டி குளிர்ந்த பால் ஊற்றி வேகமாக அடியுங்கள். சேரவில்லையென்றால் பதப்படுத்திய சீஸ் ஒரு துண்டு போட்டு, சற்று ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும்.

கேள்வி: மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெண்புள்ளி வரும் என்று மாமியார் சமைக்கவே விடுவதில்லை. உண்மையா? – வாசகி, மதுரை

பதில்: ஆயுர்வேதத்தில் பாலும் மீனும் சேரக் கூடாத உணவுகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன, உங்கள் மாமியார் சொல்வது அந்த வழியில் வந்தது. ஆனால் வெண்புள்ளி, தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதால் வருவது. மீனும் பாலும் சேர்வதால் அது வருகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக மீனைப் பாலிலேயே வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். மீன் ஒவ்வாமையோ பால் ஒவ்வாமையோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பால்சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவருக்குத் தனியாக இரண்டு துண்டு வறுத்துக் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: ஓவன் இல்லை. கேஸ் அடுப்பில் செய்ய வழி உண்டா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு, ருசியில் ஓவனுக்குச் சற்றும் குறையாது. கனமான வாணலியில் உப்பு பரப்பி மூடிச் செய்யும் முறையை நாங்கள் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. மூடியில் ஆவி படிந்து சொட்டுச் சொட்டாக சாஸிலேயே விழும், மேலே சிவக்கவும் சிவக்காது.

அதைவிட நல்லது மீனைப் பாலிலேயே வேகவைப்பது. அகலமான பாத்திரத்தில் 400 மி.லி. பாலைச் சூடாக்கி, உப்புத் தடவி ஒற்றிய மீனை ஒற்றை அடுக்காக இறக்குங்கள். ஓரங்களில் மட்டும் சிறு குமிழ் வரும் அளவுக்குத் தீ. 2 செ.மீ. துண்டுக்கு 6 முதல் 8 நிமிடம். மூழ்காவிட்டால் பாதியில் ஒருமுறை திருப்புங்கள். தளதளவென்று கொதித்தால் மீன் உதிரும், பால் திரியும். மீனை எடுத்து மூடி வைத்து, பாலை வடிகட்டி, அதே பாலில் மேலே சொன்னபடி சாஸ் செய்யுங்கள். மீன் விட்ட நீரும் சாறும் கெட்டிப்படுத்துவதற்கு முன்பே பாலில் சேர்ந்துவிட்டன. ஆகவே பிறகு தண்ணீர் விட அதிகம் மிச்சமில்லை, மீனின் ருசியும் சாஸுக்குள் போய்விட்டது. மீனைத் தட்டில் அடுக்கி, மீனிலிருந்து வடிந்திருப்பதை மட்டும் ஒற்றிவிட்டு, சூடான சாஸ் ஊற்றுங்கள். வாணலியில் வெண்ணெய் விட்டு பொன்னிறமாக வறுத்த பிரெட் தூளைப் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். ஓவன் இருப்பவர்களும் இந்த முறையில் செய்து, மேல் கம்பிச் சூட்டில் 4 நிமிடம் சிவக்கவைத்தால் தண்ணீர்ப் பிரச்சினை ஏறக்குறைய முடிந்துபோகும்.

கேள்வி: மீன் வாடைக்காக எலுமிச்சையும் மஞ்சளும் தடவுவேன். சாஸ் ஒவ்வொரு முறையும் துகள் துகளாகிறது. – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எலுமிச்சைச் சாறுதான் பாலைத் திரிக்கிறது. வாடை போக வேண்டுமென்றால் எலுமிச்சை தடவி 5 நிமிடத்தில் நன்றாகக் கழுவி, துடைத்து, பிறகு உப்பு தடவுங்கள். சமைக்கும்போது புளிப்பு வேண்டாம். பரிமாறும்போது ஆளுக்கொரு எலுமிச்சைத் துண்டு வையுங்கள். மஞ்சள் சாஸைத் திரிக்காது, ஆனால் நிறமும் வாசமும் சீஸோடு ஒட்டாது. தக்காளியும் இதே கணக்குதான், புளிப்பும் தண்ணீரும் சேர்ந்தே வரும்.

கேள்வி: இங்கே காட், ஹாடக் மீன்கள் இரண்டும் உறைந்த நிலையில் கிடைக்கின்றன. ஓவன் பாரன்ஹீட்டில். எவ்வளவு நேரம்? – வாசகர், டொராண்டோ

பதில்: 400 டிகிரி பாரன்ஹீட். நீங்கள் இருக்கும் நாட்டின் பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 450 டிகிரியில் ஓர் அங்குலத் தடிமனுக்கு 10 நிமிடம், சாஸால் மூடியிருந்தால் கூடுதலாக 5 நிமிடம், இளகாத மீனானால் இருமடங்கு. இதைக் கனடா முறை என்பார்கள். 400 டிகிரியில் அதற்குமேல் இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நேரம் வழிகாட்டிதான், கத்தி முனைச் சோதனையே முடிவு. இளகாத மீனை இந்தப் பக்குவத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பனி உருகும் நீர் முழுவதும் சாஸில் சேரும். காட் பெரிய மடல்களோடு மென்மையாக இருக்கும். ஹாடக்கில் ருசி கூடுதல். புகையூட்டிய ஹாடக் கிடைத்தால் பாலில் வேகவைக்கும் முறைக்கு அதைப் போல ஒன்றில்லை, ஆனால் அது உப்புக் கரித்திருக்கும். மீனுக்கு உப்புத் தடவாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பால்மாதான் பாவனை. அதில் சாஸ் வருமா? விளைமீன் போடலாமா? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நன்றாக வரும். முழு ஆடைப் பால்மா 50 கிராமை 360 மி.லி. இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்தால் சுமார் 400 மி.லி. பால். இனிப்புச் சேர்த்த மா வேண்டாம். பால்மா சீக்கிரம் அடிப்பிடிக்கும், தீயைத் தணித்து வையுங்கள். விளைமீன் அருமையான தேர்வு, முள் கவனம். தேங்காய்ப்பாலைப் பசும்பாலுக்குப் பதிலாக ஊற்றிச் சீஸ் சேர்க்காதீர்கள். இரண்டின் ருசியும் ஒன்றையொன்று கெடுக்கும்.

கேள்வி: மீனுக்கு அடியில் காய்கறி வைக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: பாலக்கீரை இதற்குப் பழைய சோடி. 300 கிராம் கீரையை எண்ணெய் இல்லாமல் வதக்கி, ஆறியதும் கையால் உருண்டையாகப் பிழியுங்கள், சொட்டுக்கூட மிஞ்சாதவரை. காளானை உப்பில்லாமல் நீர் வற்றும்வரை வதக்க வேண்டும். உருளைக்கிழங்கை அரை செ.மீ. வில்லைகளாக்கி முக்கால் பதம் வேகவைத்து அடுக்குங்கள்; பச்சையாக வைத்தால் மீன் வெந்து முடியும்போது கிழங்கு கடுக்கென்று இருக்கும். எதுவானாலும் மெல்லிய அடுக்காகவும் சூடாகவும் இருக்கட்டும்.

கேள்வி: மைதாவுக்குப் பதில்? – வாசகர், ஈரோடு

பதில்: சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) 18 கிராம் போதும், 35 தேவையில்லை. குளிர்ந்த பாலில் கரைத்து, சூடான பாலில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மேலே தூவும் பிரெட் தூளிலும் கோதுமை உண்டு என்பதை ஒவ்வாமை உள்ளவர்கள் மறக்க வேண்டாம். ஃப்ரெஷ் கிரீம் மட்டும் ஊற்றிச் செய்வதானால், டெட்ரா பேக்கில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் கொதித்தால் பிரியக்கூடும், 200 மி.லி.க்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விருந்துக்கு முன்பே செய்து வைக்கலாமா? மீந்தால்? – வாசகி, சிங்கப்பூர்

பதில்: சாஸை முதல் நாளே செய்யலாம். ஆடை படியாமலிருக்க பிளாஸ்டிக் தாளை சாஸின் மேற்பரப்பில் ஒட்டினாற்போல் போட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சிறு தீயில் இரண்டு கரண்டி பால் விட்டுக் கிளறி இளக்குங்கள், கொதிக்கவிடாமல். மீனை உப்புத் தடவி ஒற்றுவது பரிமாறும் நாளில்தான். பச்சை மீன் மேல் சூடான சாஸ் ஊற்றி மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். நுண்ணுயிர் பெருக அதைவிடத் தோதான சூடு கிடையாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேரே சூடான ஓவனுக்குள் வைத்தாலும், சூடான பாத்திரத்தை ஈர மேடையில் வைத்தாலும் வெடிக்கும்.

மீந்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, 2 நாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்கும்போது அலுமினியத் தாளால் மூடி 160 டிகிரியில் 15 நிமிடம், நடுவில் ஆவி பறக்கும்வரை. மீன் உதிர்ந்திருந்தால் பிசைந்து, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு சம அளவு சேர்த்து, பிரெட் தூளில் புரட்டிக் கட்லெட்டாகப் பொரித்தெடுக்கலாம். சாஸ் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் முட்டை தேவைப்படாது; உருட்டியதும் அரை மணி நேரம் குளிரவைத்துப் பொரியுங்கள், எண்ணெயில் பிரியாது.